வழுக்கை: மருந்தா, கத்தியா?

காஞ்சிபுரத்தின் இராஜ வீதிகளில் ஒரு காலை நேரத்தில் நின்று, வருவோர் போவோரின் தலைகளை மட்டும் கவனித்துப் பாருங்கள். முடியில்லாத தலைகள் மூன்று விதமாகக் கண்ணில் படும். முதலாவது, திருத்தணிக்கோ திருப்பதிக்கோ சென்று முடி காணிக்கை செலுத்தித் திரும்பியவரின் சந்தனம் பூசிய மொட்டை. இரண்டாவது, காரப்பேட்டையிலுள்ள அறிஞர் அண்ணா நினைவுப் புற்றுநோய் மருத்துவமனைக்கு வந்து செல்லும் நோயாளியின் தலை. பெரும்பாலும் ஒரு துண்டால் மூடப்பட்டிருக்கும். மூன்றாவது, தறிக்குழியிலிருந்து எழுந்து தேநீர் குடிக்க வந்த நெசவாளரின் தலை. நெற்றி இரு பக்கமும் மேலேறி, உச்சி வெளுத்து, பின்புறத்தில் மட்டும் குதிரை லாட வடிவில் முடி அடர்ந்திருக்கும்.

முதலாமவருக்கு மூன்று மாதத்தில் மூன்று சென்டிமீட்டர் முடி வளர்ந்துவிடும். இரண்டாமவருக்கும் மருந்து நின்ற சில மாதங்களில் பெரும்பாலும் முடி திரும்பிவிடும். மூன்றாமவருக்கு மட்டும் ஏன் திரும்புவதில்லை? இந்தக் கேள்விக்கு விடை தெரிந்தால்தான் ‘மருந்து போடலாமா, முடி நடும் அறுவைச் சிகிச்சை செய்துகொள்ளலாமா’ என்ற மற்றொரு கேள்விக்கும் விடை கிடைக்கும். கண்ணாடி முன் நின்று நெற்றியை விரலால் அளந்து பார்க்கும் அண்ணன்மார் உங்கள் வீட்டிலும் இருக்கலாம். ஏன், நீங்களே அளந்து பார்த்திருக்கலாம்!

மண்ணும் பயிரும்

நாம் வாரிச் சீவும் முடி உயிரற்றது. அது கெரட்டின் என்னும் புரதத்தாலான இழை. நகமும் அதே பொருள்தான். உயிருள்ள பகுதி தோலுக்கு அடியில் சில மில்லிமீட்டர் ஆழத்தில் இருக்கும் மயிர்க்கால். அதன் அடிமுனை குமிழ்போலப் பருத்திருக்கும். குமிழின் நடுவில், இரத்த நுண்குழாய்கள் வந்து சேரும் பாப்பில்லா என்ற சிறு முனை உள்ளது. இதன் கட்டளைப்படி சுற்றியுள்ள செல்கள் வேகமாகப் பிளந்து பெருகி, மேல்நோக்கித் தள்ளப்பட்டு, இறுகி முடியாகின்றன.

மயிர்க்கால் ஓயாமல் வேலை செய்வதில்லை. இரண்டு முதல் ஆறு ஆண்டுகள் வரை வளர்ச்சிப் பருவம்; பிறகு இரண்டு மூன்று வாரம் சுருங்கும் பருவம்; அதன்பின் ஏறத்தாழ மூன்று மாதம் ஓய்வு. ஓய்வு முடிந்ததும் பழைய முடி உதிர்ந்து, அதே இடத்தில் புது முடி தொடங்குகிறது. தலையிலுள்ள சுமார் ஒரு லட்சம் மயிர்க்கால்களும் தனித்தனிக் கணக்கில் இப்படிச் சுழல்கின்றன. ஆகவே நாளொன்றுக்கு 50 முதல் 100 முடி வரை உதிர்வது இயல்பே. சீப்பில் சிக்கிய முடியைப் பார்த்துப் பதறுவோர் இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

இப்போது நம் மூன்று தலைகளுக்குத் திரும்புவோம். சவரக்கத்தி வெட்டுவது உயிரற்ற இழையை. மயிர்க்காலை அது தொடுவதே இல்லை. அறுவடை செய்தாலும் மண்ணும் வேரும் அப்படியே இருப்பதைப் போன்றது இது. (மொட்டை அடித்தால் முடி அடர்த்தியாக வளரும் என்பார்கள். மயிர்க்கால்களின் எண்ணிக்கை நாம் தாய் வயிற்றில் இருக்கும்போதே முடிவாகிவிடுகிறது. கத்தியால் அதைக் கூட்ட முடியாது. வெட்டுப்பட்ட முனை மழுங்கியிருப்பதால் தடித்துத் தோன்றுகிறது, அவ்வளவுதான்.) புற்றுநோய் மருந்து வேகமாகப் பெருகும் செல்களைத் தாக்குகிறது. முடியை உண்டாக்கும் செல்களும் வேகமாகப் பெருகுபவை என்பதால் அவையும் அடிபடுகின்றன. ஆனால் மயிர்க்காலின் பக்கவாட்டில் மெதுவாகப் பிளவுறும் மூலச் செல்கள் பதுங்கியிருக்கின்றன. ஆபத்து விலகியதும் அவை மீண்டும் வேலையைத் தொடங்குகின்றன.

நெசவாளரின் தலையில் நடந்திருப்பது வேறு. அங்கே மயிர்க்கால்களே சுருங்கிவிட்டன. ஒவ்வொரு சுற்றிலும் வளர்ச்சிப் பருவம் குறைகிறது, முடி மெலிகிறது. கருத்துத் தடித்த இழை பூனைமுடியாகிறது. பல சுற்றுகளுக்குப் பின் அதுவும் இல்லாமல் போகிறது. முடி ‘கொட்டிப்போவதால்’ வழுக்கை விழுகிறது என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் முடி மெலிந்து மெலிந்து மறைவதால்தான் விழுகிறது.

தாய்மாமனின் தலை

இந்தச் சுருக்கத்துக்குக் காரணம் என்ன? 1942-ஆம் ஆண்டில் ஜேம்ஸ் ஹாமில்டன் என்ற அமெரிக்க உடற்கூற்று அறிஞர் ஒரு முக்கியமான செய்தியை வெளியிட்டார். பருவமடைவதற்கு முன்பே விரைகள் நீக்கப்பட்ட ஆண்களுக்கு வழுக்கை விழவில்லை. ஆனால் அவர்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் என்னும் ஆண் ஹார்மோனைக் கொடுத்தபோது, குடும்பத்தில் வழுக்கை உள்ளவர்களுக்கு வழுக்கை விழத் தொடங்கியது. ஆக, ஹார்மோன் மட்டும் போதாது, பரம்பரை மட்டும் போதாது. இரண்டும் சேர வேண்டும்.

அடுத்த துப்பு டொமினிக்கன் குடியரசின் ஒரு கிராமப் பகுதியிலிருந்து கிடைத்தது. அங்கே சில ஆண் குழந்தைகள் பிறப்பில் பெண்களைப்போலத் தோன்றி, பெண்களாகவே வளர்க்கப்பட்டு, பருவ வயதில் ஆண் உடலமைப்பைப் பெற்றனர். ஜூலியன் இம்பெராட்டோ-மெக்கின்லி என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் இதை ஆராய்ந்து 1974-ல் வெளியிட்டனர். டெஸ்டோஸ்டிரோனை டைஹைட்ரோ டெஸ்டோஸ்டிரோன் என்ற வீரியமிக்க ஹார்மோனாக மாற்றும் நொதி ஒன்று இவர்களுக்குக் குறைவாக இருந்தது. இவர்கள் வளர்ந்தபின் புராஸ்டேட் சுரப்பி சிறியதாகவே இருந்தது. முன்நெற்றி முடியும் பின்வாங்கவில்லை. மயிர்க்காலைச் சுருக்கும் குற்றவாளி யார் என்பது இவ்வாறு தெரிந்தது.

‘தாய்மாமன் தலையைப் பார்த்தால் உன் தலை தெரியும்’ என்று வீட்டில் சொல்வார்கள். இது பாதி உண்மை. ஆண் ஹார்மோனை ஏற்கும் புரதத்துக்கான ஜீன் எக்ஸ் குரோமோசோமில் உள்ளது. ஆண் பிள்ளைக்கு அது தாயிடமிருந்தே வருகிறது. ஆனால் வழுக்கையில் பங்குகொள்ளும் மற்ற ஜீன்கள் பல. அவை தாய், தந்தை இருவழியிலும் வருகின்றன. எனவே தாய்மாமனை மட்டும் குறைசொல்வது நியாயமன்று!

முதலில் இது வழுக்கைதானா?

சிகிச்சையைப் பற்றிப் பேசும் முன் இதைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். சிறுவனின் முன்நெற்றிக் கோடு வளைந்து தாழ்ந்திருக்கும். பதினேழு வயதுக்குமேல் அது ஏறத்தாழ ஒரு விரற்கடை மேலேறி நிலைப்பது இயல்பான வளர்ச்சி; மீசை முளைப்பதைப் போன்றதே. டைபாய்டு, டெங்கு போன்ற கடும் காய்ச்சலுக்கு இரண்டு மூன்று மாதத்துக்குப் பின் கொத்துக்கொத்தாக முடி உதிர்வதுண்டு. காய்ச்சலின்போது பல மயிர்க்கால்கள் ஒரே நேரத்தில் ஓய்வுக்குப் போய்விட்டதன் விளைவு அது, தானாகவே சீராகிவிடும். இரும்புச்சத்துக் குறைவும் தைராய்டுக் கோளாறும் முடியை மெலியச் செய்யும். இவற்றுக்கு இரத்தச் சோதனையும் உரிய மருந்தும் போதும்.

மாணவிகள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இழுத்து இறுகப் பின்னிய சடையும், அதில் கனமாகச் சூடிய பூவும் நாள்தோறும் முன்நெற்றி முடியை வேரோடு இழுத்துக்கொண்டே இருக்கின்றன. நெற்றி ஓரத்தில் முடி குறைவது தெரிந்தவுடன் தளர்த்திப் பின்னத் தொடங்கினால் முடி திரும்பும். ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தால் மயிர்க்கால் தழும்பாகிவிடும்.

வட்டவட்டமாகத் திட்டுப் போல் முடி போவதைப் ‘புழுவெட்டு’ என்கிறோம். அதில் புழுவும் இல்லை, வெட்டும் இல்லை. உடலின் நோய் எதிர்ப்புச் செல்கள் மயிர்க்காலையே பகையெனக் கருதித் தாக்குவதால் வருவது அது. அதற்குரிய சிகிச்சையே வேறு.

இத்தனையையும் பிரித்தறிவது தோல் நோய் மருத்துவரின் வேலை. காஞ்சிபுரத்து மாணவனுக்கு அதற்காகப் பளபளப்பான விளம்பரப் பலகை தேவையில்லை. செங்கற்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை அருகிலேயே இருக்கிறது.

மருந்து என்ன செய்யும்?

முன்நெற்றி பின்வாங்குவதற்கு மெய்யான பயன் உண்டென்று சோதனைகளில் நிலைநாட்டப்பட்ட மருந்துகள் சொற்பமே. முக்கியமானவை இரண்டு. இரண்டும் முடிக்காகத் தேடப்பட்டவை அல்ல என்பது வேடிக்கை.

மினாக்ஸிடில் இரத்த அழுத்தத்தைக் குறைக்கும் மாத்திரையாக 1979-ல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. உண்டவர்களுக்கு முகத்திலும் கையிலும் முடி வளரவே, மருத்துவர்கள் அதைத் தலையில் தடவும் திரவமாக்கினார்கள். 1988-ல் அங்கே அதற்கு அனுமதி கிடைத்தது. இது சுருங்கிவரும் மயிர்க்காலின் வளர்ச்சிப் பருவத்தை நீட்டுகிறது. தோலிலுள்ள ஒரு நொதி இதை மாற்றினால்தான் இது வேலை செய்யும். அந்த நொதி குறைவாக உள்ளவர்களுக்குப் பயன் குறைவு. தொடங்கிய சில வாரங்களில் முடி கூடுதலாக உதிர்வதும் உண்டு. ஓய்விலிருந்த முடிகளைப் புது முடிகள் வெளியே தள்ளுவதால் ஏற்படுவது அது. பலர் பயந்து அப்போதே நிறுத்திவிடுகிறார்கள். பலன் தெரிய நான்கு மாதமாவது ஆகும்.

பினாஸ்டிரைடு, டொமினிக்கன் கிராமத்துப் பாடத்திலிருந்து பிறந்தது. அந்த நொதியைத் தடுத்து, இரத்தத்தில் டைஹைட்ரோ டெஸ்டோஸ்டிரோனை ஏறக்குறைய மூன்றில் இரு பங்கு குறைக்கிறது. 1992-ல் புராஸ்டேட் வீக்கத்துக்கும், 1997-ல் குறைந்த அளவில் ஆண்களின் வழுக்கைக்கும் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. சிலருக்குப் பாலுணர்வுக் குறைவும் மனச்சோர்வும் பக்க விளைவாக வருகின்றன. கருவுற்ற பெண்கள் இதன் உடைந்த மாத்திரையைத் தொடவும் கூடாது. வயிற்றிலிருக்கும் ஆண் சிசுவின் உறுப்பு வளர்ச்சிக்கு அந்த நொதி தேவை என்பதை மேலே கண்டோம். பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்கள் இவ்விரு மருந்துகளையும் தாமாக வாங்கிப் பயன்படுத்தக் கூடாது.

இம்மருந்துகளுக்கு இரண்டு எல்லைகள் உண்டு. ஒன்று, நிறுத்தினால் ஓராண்டுக்குள் பழைய நிலைக்கே வந்துவிடும். மற்றொன்று, சுருங்கிவரும் மயிர்க்காலைத்தான் அவை மீட்கும், மறைந்துவிட்டதை மீட்காது. உச்சித் தலையில் நல்ல பலன் தருபவை, முன்நெற்றிக் கோட்டில் அவ்வளவாகத் தருவதில்லை. அங்கே பெரும்பாலும் ‘இருப்பதைக் காப்பதே’ இலாபம்.

எண்ணெய் விளம்பரங்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வழுக்கையைப் போக்கும், புதிய முடியை வளர்க்கும் என்று எந்த மருந்தும் உரிமை கொண்டாடக் கூடாது என 1945-ஆம் ஆண்டின் மருந்து விதிகளின் ‘ஜே’ அட்டவணை தடுக்கிறது. அதைப் படித்துவிட்டுத் தெருவோரச் சுவரொட்டிகளைப் பார்த்தால் சிரிப்பு வரும். சொந்த இரத்தத்தைச் சுழற்றிப் பிரித்துத் தலையில் ஊசியாக ஏற்றும் முறையும் இன்று பரவியிருக்கிறது. அதன் ஆய்வு முடிவுகள் ஒன்றுக்கொன்று ஒத்துவரவில்லை.

கரையிலிருந்து ஓர் இழை

1939-ல் ஷோஜி ஒகுடா என்ற ஜப்பானிய மருத்துவர், தீக்காயத்தால் முடியிழந்த இடங்களில் தலையின் வேறு பகுதியிலிருந்து சிறு வட்டங்களாகத் தோலை எடுத்து நட்டு, முடி வளரச் செய்தார். உலகப் போரின் காலம். ஜப்பானிய மொழியில் வெளிவந்த அவருடைய கட்டுரை மேலை நாடுகளின் கண்ணில் படவில்லை. நியூயார்க்கில் நார்மன் ஓரன்டிரைக் 1952-ல் இதையே வழுக்கைத் தலையில் செய்து பார்த்தார். அவருடைய கட்டுரை 1959-ல்தான் அச்சேறியது. பின்தலையிலிருந்து எடுத்த மயிர்க்காலை வழுக்கையில் நட்டால் அது வழுக்கையின் குணத்தைப் பெறுமா, பின்தலையின் குணத்தையே வைத்துக்கொள்ளுமா என்பதுதான் கேள்வி. வைத்துக்கொண்டது! பின்தலை மயிர்க்கால்கள் அந்த ஹார்மோனுக்குப் பெரும்பாலும் அசைந்து கொடுப்பதில்லை. இடம் மாறினாலும் அப்படியே இருக்கின்றன.

காஞ்சிபுரத்து மாணவர்களுக்கு இதை எளிதில் விளக்கலாம். பட்டுச் சேலையின் கரையில் ஓடும் சிவப்பு இழை ஒன்றை உருவி, வெளிறிப்போன உடலில் கோத்தால், அது அங்கும் சிவப்பாகவே இருக்கும். முடி நடும் சிகிச்சையின் ஆதாரம் இவ்வளவுதான். ஆனால் அதன் குறையும் இதே உவமையில் இருக்கிறது. தறியில் பழைய பாவு தீரும்போது நெசவாளர் புதுப்பாவின் இழைகளை ஒவ்வொன்றாக முறுக்கிப் பிணைக்கிறார். சேலைக்குப் புது நூல் வருகிறது. முடி நடுவதில் புது நூல் கிடையாது. கரையிலிருந்து எடுத்தால் கரை குறையும்.

எவ்வளவு எடுக்கலாம்? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். முடிகள் ஒன்று முதல் நான்கு வரை சேர்ந்த சிறு கொத்துகளாகத் தோலிலிருந்து வெளிவருகின்றன. இன்று அறுவை மருத்துவர்கள் அந்தக் கொத்தையே ஓர் அலகாகக் கொண்டு நடுகின்றனர். (ஓரன்டிரைக் காலத்தில் 4 மி.மீ. வட்டங்களாக நட்டதால் பொம்மைத் தலைபோல் குச்சி குச்சியாகத் தெரிந்தது.) பின்தலையில் பார்வைக்குக் குறை தெரியாமல் ஒருவர் வாழ்நாள் முழுவதற்கும் எடுக்கக்கூடியது பலருக்கு ஏறக்குறைய 5,000 முதல் 6,000 கொத்துகள். ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 35 கொத்து வீதம் நடுவதாக வைத்துக்கொண்டால், முன்நெற்றியில் 60 ச.செ.மீ. பரப்புக்கு 2,100 கொத்துகள் வேண்டும். அது முடியும். தலையின் மேல்பரப்பு முழுவதும் 200 ச.செ.மீ. என்றால் 7,000 வேண்டும். இருப்பைவிட அதிகம்!

இங்கேதான் வயது முக்கியமாகிறது. இருபது வயது இளைஞன் பள்ளிக்காலத்து நெற்றிக்கோடு வேண்டுமென்று கேட்டு, 2,000 கொத்துகளை முன்னால் நட்டுக்கொள்கிறான் என்று வைத்துக்கொள்வோம். நட்டவை நிற்கும். அவற்றுக்குப் பின்னால் உள்ள அவனுடைய சொந்த முடி தொடர்ந்து மறையும். முப்பத்தைந்து வயதில் நெற்றியில் ஒரு முடித்தீவு, அதன்பின் ஒரு வெளி, அதை நிரப்பப் போதிய இருப்பு இல்லை. ஆகவே நல்ல அறுவை மருத்துவர், வழுக்கையின் போக்கு தெளிவாகும்வரை காத்திருக்கச் சொல்கிறார். மருந்தால் உதிர்வை நிறுத்தி, ஓராண்டு பார்த்துவிட்டு, அதன்பிறகே நடுவதைப் பற்றிப் பேசுகிறார். நட்டபின்னும் மருந்தை விடச்சொல்வதில்லை. மற்ற முடிகளைக் காக்க வேண்டுமல்லவா? மருந்தா கத்தியா என்று நாம் கேட்கிறோம். மருத்துவருக்கோ அது ‘எது முதலில், எது எப்போது’ என்ற கேள்வி.

சலூனில் அறுவைச் சிகிச்சை

முடி நடுவது தோலளவிலான அறுவைதானே, என்ன ஆகிவிடும் என்று நினைப்பவர்கள் உண்டு. 2016 மே மாதத்தில் சென்னையில் முடி நட்டுக்கொண்ட, மருத்துவம் பயின்ற இளைஞர் ஒருவர் சில நாட்களுக்குள் உயிரிழந்தார். அந்தச் சிகிச்சை நடந்த இடம் சலூனுக்கான உரிமம் மட்டுமே பெற்றிருந்தது என்று அப்போது செய்தி வெளியானது.

இரண்டாயிரம் கொத்துகளை எடுத்து நட ஒரு பகல் முழுவதும் ஆகும். அவ்வளவு நேரமும் தலை மரத்திருக்க வேண்டும். மரக்கச் செய்யும் லிக்னோகெயின் மருந்தை அட்ரினலினுடன் சேர்த்துக் கொடுத்தாலும் உடல் எடையில் கிலோவுக்கு 7 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது. 60 கிலோ எடையுள்ளவருக்கு 420 மில்லிகிராம். 2 சதவீதக் கரைசலில் ஒரு மில்லிலிட்டருக்கு 20 மில்லிகிராம் இருப்பதால் மொத்தம் 21 மில்லிலிட்டர்தான்! அளவு மீறினால் முதலில் உதடு மரக்கும், காதில் ரீங்காரம் கேட்கும். பின்னர் வலிப்பு வரலாம், இதயத் துடிப்பு குலையலாம். அந்தக் கணத்தில் பிராணவாயுவும், உயிர்காக்கும் மருந்துகளும், அவற்றைக் கையாளத் தெரிந்தவரும் பக்கத்தில் இருக்க வேண்டும்.

2022 செப்டம்பரில் தேசிய மருத்துவ ஆணையம் இதற்கான நெறிமுறைகளை வெளியிட்டது. முறையான பயிற்சி பெற்ற தோல் நோய் நிபுணரோ, பிளாஸ்டிக் அறுவை நிபுணரோ போன்றவர்களே இதைச் செய்யலாம். அவசர நிலையைச் சமாளிக்கும் வசதி அங்கே இருக்க வேண்டும். பயிலரங்கில் உட்கார்ந்து பார்ப்பதும், யூடியூப் காட்சிகளைப் பார்ப்பதும் பயிற்சி ஆகாது என்றும் அதில் எழுதியிருக்கிறது. இதைக்கூட எழுதிவைக்க வேண்டியிருந்தது என்பதைக் கவனியுங்கள்.

எல்லாம் ஒழுங்காக நடந்தாலும் நட்ட முடி இரண்டு முதல் நான்கு வாரத்தில் உதிர்ந்துவிடும். மயிர்க்கால் மட்டும் உள்ளே தங்கும். மூன்று நான்கு மாதத்தில் புது முடி எட்டிப்பார்க்கும். முழு உருவம் தெரிய ஓராண்டு ஆகும்.

புது நூலே இல்லை என்று சொன்னோம். அதை உண்டாக்கும் முயற்சியும் நடக்கிறது. பாப்பில்லாச் செல்களைத் தட்டில் வளர்த்தால் அவை தம் தொழிலை மறந்துவிடுகின்றன. 2013-ல் அமெரிக்க, பிரிட்டிஷ் விஞ்ஞானிகள் அச்செல்களைத் தலைகீழாகத் தொங்கும் திரவத் துளிகளில் சிறு உருண்டைகளாகத் திரளவிட்டனர். இழந்த திறன் ஓரளவு திரும்பியது. எலியின் மேல் ஒட்டிய மனிதத் தோலில் அந்த உருண்டைகளை வைத்தபோது புதிய மயிர்க்கால்கள் தோன்றின. எலியின் முதுகிலிருந்து மனிதத் தலைக்கு அந்தப் பாவு இன்னும் வந்து சேரவில்லை.